காயவிட்ட நாலு கழனி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. தையில் நட்டுச் சித்திரையில் அறுக்கிற நவரைப் பட்டத்தில் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. ஏரியில் தண்ணீர் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றபடி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெள்ளைக்காரம்மா கேட்ட ஒரே ஒரு கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாக எனக்குச் சொன்னார்கள். நான் பெரும்பாலும் சோபியா சொன்னதையே வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்லும்போது நடுநடுவே வெகுநேரம் பேசாமல் இருப்பாள். அந்த இடங்களில் நானாக எதையாவது இட்டு நிரப்பியிருந்தால் அது என் தப்பு, அவள் தப்பில்லை.

சோபியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் ஏரிக்கரை. கரைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. காலனியில் சர்ச்சை ஒட்டினாற்போல் அவள் வீடு. புருஷன் டேனியல் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறான். அவள் அம்மா ஆயுசெல்லாம் ஊர்க்காரர்களின் கழனிகளில் குனிந்து நாற்று நட்டு, கடைசியில் நிமிர முடியாமலே போய்ச் சேர்ந்தவள். அதே வரப்புகளில் சோபியா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு நிமிர்ந்து நடந்தாள். அந்த வேலை அவளுக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வேலை இதுதான். நெதர்லாந்தில் சில கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, தண்ணீரைக் குறைத்து விளைவித்த அரிசிதான் வேண்டும் என்று சென்னைக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கழனியில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் சேற்றுக்குள்ளிருந்து ஒரு வாயு கிளம்புமாம். அது மேலே போய் உலகத்தையே சூடாக்குமாம். அதனால் நட்டு இருபது நாள் ஆனதும் தண்ணீரை வற்ற விட வேண்டும். தரைக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கக் கழனிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கமெல்லாம் துளை போட்டது, பாதி சேற்றில், பாதி வெளியில். ஊரில் அதற்கு ஓட்டைப் பைப்பு என்று பேர். முப்பத்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு, சுப்பிரமணி தலைவர். அந்த நெல்லுக்கு வெளிச்சந்தையை விடக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்தது. முதல் வருஷம் சிரித்தவர்களெல்லாம் இரண்டாம் வருஷம் சேர்ந்துகொண்டார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சோபியா எல்லாக் குழாய்க்குள்ளும் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்து, எண்ணைப் போனில் ஏற்ற வேண்டும்.

ஏரிக்கோடிப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி நாலு கழனி தனியாகக் கிடந்தன. இரண்டு சுப்பிரமணியுடையது. ஒன்று தினகரனுடையது; அவர் சென்னையில் இருந்துகொண்டு ஆள் வைத்துப் பயிரிடுகிறவர். மிச்சம் ஒன்று, அரை ஏக்கர், கோவிந்தம்மாளுடையது. புருஷன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சினது அந்த அரை ஏக்கரும் ஒரு கறவை மாடும்தான்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த நாலு கழனிக்குப் போகிற வரப்பில் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டு கிடப்பதை சோபியா பார்த்தாள். காலுக்கு ஒரு முழம் முன்னால். அது சீறவுமில்லை, நகரவுமில்லை. அவள்தான் பின்காலாலேயே வாய்க்கால் வரைக்கும் வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி, வாய்க்கால் வரை போய் நின்றாள். கால் எழும்பவில்லை. பயிர் அடர்ந்து நின்றதால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. எப்படியும் வற்றியிருக்கும், கணக்குப்படி அன்றைக்கு வற்ற வேண்டிய நாள்தான் என்று நினைத்தாள். பதினான்கு, பதினைந்து, பதின்மூன்று, பதினைந்து என்று ஏற்றினாள். நாலும் ஒரே எண்ணாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருந்தது. பிற்பாடு அவள் தன்னையே கேட்டுக்கொண்டது இதுதான். கால் பயந்தது சரி. கை எப்படி அவ்வளவு நிதானமாக இருந்தது?

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் குழுவின் வாட்ஸப்பில் தினேஷ்குமாரின் குரல் வந்தது. தினேஷ்குமார் கம்பெனியின் காஞ்சிபுரம் அதிகாரி. நல்ல பையன்தான், மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

"தலைவரே, நெதர்லாந்துல இருந்து மெயில் வந்திருக்கு. சாட்டிலைட்ல பாத்திருக்காங்க. பிப்ரவரி இருபது, ஏரிக்கோடி நாலு பிளாட்லயும் தண்ணி நின்னிருக்கு. நம்ம ரெக்கார்ட்ல காஞ்சிருக்குன்னு இருக்கு. இது பெரிய இஷ்யூ தலைவரே. அவங்க ஆளே நேர்ல வராங்க, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. கோல்மால்னு தெரிஞ்சா அந்த நாலு பிளாட் மட்டும் இல்ல, முப்பத்தாறு பேரும் அவுட். எல்லாரும் பாத்து நடந்துக்குங்க."

சோபியா அதை அடுப்படியில் நின்று கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை போனைக் காதோடு வைத்து, டேனியலுக்குக் கேட்காமல் கேட்டாள்.

நேரே எல்லப்பனைத் தேடிக்கொண்டு மதகுக்குப் போனாள். எல்லப்பன் ஊரின் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று மடை வெட்டி விடுவதும் அவர் வேலை. அவருக்கு முன்னால் அவர் அப்பன் வேலை. மதகைத் திருகுகிற இரும்புச் சாவி எப்போதும் அவர் தோளில் கிடக்கும். சோபியாவின் தெருதான், அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரிப்பா, ஏரிக்கோடி கயனிக்கு போன மாசம் தண்ணி உட்டியா?"

"உட்டேன். இன்னாத்துக்கு கேக்கறே?"

"எப்போ?"

"வியாயக்கெயம. சாயங்காலமா." எல்லப்பன் கொஞ்சம் யோசித்து, "ஆமாமே, வியாயக்கெயமதான். வெடிச்சிக் கெடந்துது. கோவிந்தம்மா கயனில வெரல உட்டா உள்ள போவுது. அவங்க கம்பெனில இன்னாவோ பைப்பப் பாத்து உடணும்னாங்க. எனக்கு அது இன்னா தெரியும்? வாய்க்காலு நெறைய தண்ணிய வெச்சிக்கினு, பயிரு வெடிச்சிக் கெடக்கறதப் பாத்துகினே போவ சொல்றியா? எங்கப்பன் இதுக்கா என்ன மதகாண்ட உட்டுட்டு போனான்?" என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னா, தப்பா பூட்சா?"

"தப்பு இல்ல பெரிப்பா."

வேறு ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். மதகுக்கடியில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லப்பன் பீடி பற்றவைத்து அது பாதி தீர்கிற வரைக்கும் அவள் நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பால் சொசைட்டி கட்டடத்தில் கூட்டம். வெளியே காலி கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணி கத்துகிற ஆள் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்து, எல்லப்பனைப் பார்த்துக் கேட்டார்:

"எல்லப்பா, அந்த நாலுக்கும் நீதான் உட்டியா?"

"ஆமாங்க."

"எந்நிக்கி?"

"வியாயக்கெயமங்க. பத்தொம்பதாம் தேதி வரும்."

சுப்பிரமணி சோபியா பக்கம் திரும்பினார். "நீ வெள்ளிக்கெயம காலையில போயி பாத்து எய்துனியே. வியாயக்கெயம உட்டுருந்தா வெள்ளிக்கெயம தண்ணி நின்னிருக்கணும் இல்ல? இருந்துதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெளியில் கேன் உருட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. சுவரில் செயற்கைக் கருவூட்டல் பற்றிய விளம்பரம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த மாட்டின் கண்ணையே சோபியா பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் என்ன, இருந்தது என்று சொன்னால் என்ன என்று அவள் எடைபோடவில்லை. தன் அம்மாவின் முதுகுதான் அவள் நினைப்பில் இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

"இல்லீங்கய்யா. காஞ்சிதான் இருந்துது."

எல்லப்பன் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வழியில் எதையோ தவறவிட்டவர் மடியைத் தடவுவது போல, தனக்குள்ளேயே எதையோ தேடுகிற பார்வை.

"அப்போ... வெள்ளிக்கெயம சாயங்காலமா இருக்குமோ இன்னாவோ," என்றார் மெதுவாக. "அது படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது. எனக்குத்தான் நெனப்பு தப்பிப் பூட்டுருக்கும்."

"நெனப்பு தப்புற ஆளு கையில மதகக் குட்த்தா இப்டித்தான்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். யாரோ சிரித்தார்கள். சுப்பிரமணி சிரிக்கவில்லை. "சாவிய இங்க வெச்சிட்டு போ எல்லப்பா. வெள்ளைக்காரங்க வந்துட்டுப் போறவரைக்கும்தான்," என்றார். எல்லப்பன் சாவியைத் தோளிலிருந்து இறக்கி மேஜை மேல் வைத்தார். அது கனமான சாவி. வைத்த சத்தம் சோபியாவின் பல்லில் கேட்டது.

"அந்த நாலும் எப்பவும் காயற கயனின்னு அவங்க நம்பணும். வந்து குனிஞ்சி பாக்கறப்போ பைப்புல சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது," என்றார் சுப்பிரமணி. "இன்னியிலேர்ந்து அந்த நாலுக்கும் மடைய அடச்சிருங்க."

கோவிந்தம்மாள் எழுந்துவிட்டாள். "இன்னாடா பேசறே சுப்புரமணி? கதிரு தலைய நீட்டற நேரம் இது. இப்போ காயப்போட்டா மணி புடிக்காது, கருக்காதான் மிஞ்சும்."

"தெரியும் அத்த. நானும் கயனில பொறந்தவன்தான். என்து ரெண்டு அதுல கீது. நிக்கற தண்ணி வத்தவே நாலு நாளு ஆவும். அப்பால மூணு நாளு. சனிக்கெயம காலையில நானே வந்து மடைய தொறக்கறேன். மூணு நாளுல செத்துறாது."

மூன்று நாளில் செத்துவிடாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் மேலே பேசவில்லை.

சோபியாவின் தோள்பையில் கம்பெனி கொடுத்த புத்தகம் இருந்தது. ஜனவரியில் இதே கட்டடத்தில் அதை அவள்தான் உரக்கப் படித்துக் காட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில், கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து முடிந்து ஒரு வாரம் வரை கழனியில் தண்ணீர் நிற்க வேண்டும், அந்த நாட்களில் காயவிடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு சுப்பிரமணியின் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இப்போ தண்ணி நிக்கணும்னுதான் அவங்களே போட்டுக்கீறாங்க. நாம காயவிட வாணாம்."

"புக்குல போட்டுக்கீது. மேலேர்ந்து பாத்தானே, அதுவும் புக்குல போட்டுருந்துதா?"

"தினேஷ்குமார் சார்கிட்ட ஒரு வாட்டி கேட்டுருலாங்கய்யா."

"தாராளமா கேளு." சுப்பிரமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "கேட்டா அவரு உன்ன இன்னா கேப்பாரு? அன்னிக்கி நெசமா நீ பாத்தியான்னு கேப்பாரு. எல்லப்பன் நாப்பது வருசமா தண்ணி உடறான். எந்த நாளு எந்தக் கயனிக்குன்னு தூக்கத்துல எய்ப்பிக் கேட்டாலும் சொல்லுவான். எனக்குத் தெரியாதா?"

சோபியா புத்தகத்தை மூடினாள்.

"நீ போனியோ போவலியோ, நான் கேக்க மாட்டேன். என்கிட்ட சொல்லவும் சொல்லாத. முப்பத்தாறு குடும்பம் உன் நம்பரு மேல குந்திக்கினு கீது. அத்த மட்டும் நெனச்சிக்கோ. போம்மா, வெயில்ல நிக்காத."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை தினேஷ்குமாரின் குரல் மறுபடி வந்தது. வருகிறவருக்கு விமானம் மாறிவிட்டதாம். இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி.

அன்று சாயங்காலம் கோவிந்தம்மாள் சுப்பிரமணி வீட்டு வாசலில் போய் நின்றாள். மடையைத் திறந்துவிடு, ஒரு தடவை பாய்ந்து மறுபடி வற்றட்டும் என்றாள். சுப்பிரமணி வானத்தைப் பார்த்தார். "இப்போ தொறந்தா நாளைக்கே அவனுக்குத் தெரிஞ்சிரும் அத்த. காஞ்சி கீதுன்னு காட்டறதுக்காக நேத்து வரைக்கும் அடச்சி வெச்சிட்டு, இன்னிக்கி தொறந்தா இன்னா நெனப்பான்?"

அந்த வாரத்தில் ஊரே ஒருமாதிரி ஆகிவிட்டது. கழனியில் நிற்கிறவர்கள் திடீர் திடீரென்று அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒன்றுமே இருக்காது; வெயிலும் ஒரு பருந்தும்தான். சாட்டிலைட்டுக்குக் காது கிடையாது என்று தெரிந்தவர்கள்கூட அந்த நாலு கழனிப் பக்கம் போனால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "கோமணத்தோட நிக்காதடா, நெதர்லாந்துல டீவில காட்டுவான்," என்று ஒருவன் வேடிக்கை பேசினான். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் அவனே சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை அளவெடுக்க சோபியா வாய்க்காலைத் தாண்டினாள். விரியன் நினைவு வந்தது. அதைவிடப் பெரிய பயம் உள்ளே இருந்ததால் கால் தானாக நடந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கோவிந்தம்மாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில், வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு வெடிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற தண்ணீர் தங்கவில்லை. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"குடிக்கத்தாம்மே கொண்டாந்தேன்," என்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டம்மா."

கோவிந்தம்மாள் கொஞ்ச நேரம் அவளை உற்றுப் பார்த்தாள். "நீ எய்தறவ. உன் கையில தான கீது. ஒரு போனு போட்டு கேக்கக் கூடாதா? அவங்களும் சோறு துன்றவங்கதான?"

சோபியா குழாய்க்குள் குச்சியை விட்டாள். இருபத்தி நாலு. அந்த எண்ணை ஏற்றினால் ஏன் இவ்வளவு காயவிட்டீர்கள் என்று போன் வரும். பதினைந்து என்று ஏற்றினாள். இந்த முறை பார்த்துவிட்டே பொய் எழுதினாள். செவ்வாய்க்கிழமை குச்சி அடி வரைக்கும் போயிற்று, ஈரமே இல்லை. அதற்கும் பதினைந்து.

டேனியலுக்கு அவளாகச் சொல்லவில்லை. காலையில் டீ குடிக்கும்போது அவனே கேட்டான். "இன்னாமே, பத்து நாளா பேயப் பாத்த மாதிரியே திரியறே? ஃபாதராண்ட தண்ணி தெளிக்கச் சொல்லட்டுமா?" அவள் சிரிக்கவில்லை என்றதும் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் சொன்னாள். எல்லாவற்றையும்.

"சொல்லிடு," என்றான். "வேல போனா போவட்டும். ஒரகடத்துல கேன்டீன்ல ஆளு கேக்கறான்."

"வேலைய நெனச்சி இல்ல. எல்லப்பன் பெரிப்பா மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"இப்போ எப்டி முழிக்கிறே?"

வேனுக்கு நேரமாகிவிட்டது. அவன் போன பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறின டீயைத் தொடவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு கார் வந்தது. ஐம்பது வயசிருக்கும், நெடுநெடுவென்று உயரமான ஒரு வெள்ளைக்காரம்மா இறங்கினார். கூடவே மொழிபெயர்க்க கீர்த்தி என்று ஒரு சென்னைப் பெண். தினேஷ்குமார் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் ஓடினான். மாலை, இளநீர் எல்லாம் தயாராக இருந்தது. அந்தம்மா மாலையை வாங்கிக்கொண்டு, முதலில் கழனி பார்க்கலாம் என்றார்.

வாய்க்காலைத் தாண்டி நாலு கழனிக்கும் போனார்கள். குழுவில் பாதிப் பேர் பின்னால். எல்லப்பன் வரவில்லை. சுப்பிரமணி முதல் குழாயைக் காட்டினார். அந்தம்மா குனிந்து குழாய்க்குள் பார்த்தார். வறண்டு கிடந்தது. சுப்பிரமணியின் முகத்தில் பதினைந்து நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

அந்தம்மா குழாயை விட்டுவிட்டுப் பயிரைப் பார்த்தார். சுற்றிலும் மற்ற கழனிகளில் கதிர் பச்சையாகச் சாய ஆரம்பித்திருந்தது. இந்த நாலில் மட்டும் கதிர்கள் வெளுத்துப்போய், தலை குனியாமல் நெட்டுக்குத்தாக நின்றன. வரப்பை விட்டு இறங்கி உள்ளே போனார். ஒரு கதிரை உருவி, ஒரு மணியை இரண்டு நகத்துக்கிடையில் வைத்து நசுக்கினார். பால் வரவில்லை. இன்னொன்று. அதிலும் வரவில்லை. கோவிந்தம்மாள் கழனிக்குப் போய் அங்கேயும் நசுக்கினார். நிமிர்ந்து கீர்த்தியிடம் ஏதோ கேட்டார்.

கீர்த்தி தமிழில் சொன்னாள்: "பூக்கிற சமயத்துல ஏன் தண்ணி வைக்கலன்னு கேக்குறாங்க. உங்களுக்குக் கொடுத்த புக்குலயே இருக்கே, இந்த நேரத்துல காயவிடக் கூடாதுன்னு."

யாரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் என்று சுப்பிரமணி சொன்னார். அரை மணி நேரம் என்று கோவிந்தம்மாள் சொன்னாள்.

தினேஷ்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். பிப்ரவரி மாத சாட்டிலைட் மெயில், அந்த இஷ்யூ என்று இங்கிலீஷில் தடுமாறினான். அந்தம்மா புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டு, நீளமாகப் பதில் சொன்னார். கீர்த்தி அதைச் சுருக்கிச் சொன்னாள். "அந்தப் படம் பல தடவ தப்பா காட்டுமாம். அதுக்காக எல்லா ஊருக்கும் ஒரு கேள்வி வழக்கமா அனுப்புவாங்களாம். தண்ணி விட்டிருந்தா விட்டோம்னு ஒரு வரி எழுதி அனுப்பினா போதுமாம். ஒரு தடவ முன்னாடியே பாஞ்சிட்டா தப்பே இல்லயாம். இவங்க வந்தது அதுக்காக இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ வரணும், அதான்."

சுப்பிரமணி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போவல," என்றாள் சோபியா.

தன் குரல் தனக்கே பின்னாலிருந்து வருவது போல இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கி நான் வாய்க்கால தாண்டல. பாம்புக்கு பயந்துக்கினு நின்னுட்டேன். நாலு நம்பரும் நானா எய்துனது. பெரிப்பா சொன்ன வியாயக்கெயமதான் சரி. அவருக்கு நெனப்பு தப்பல. செவ்வாக்கெயம வரைக்கும் எய்துனதும் பொய்தான்."

வெள்ளைக்காரம்மா அவள் முகத்தையும் கீர்த்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். கீர்த்தி கொஞ்சம் தயங்கினாள். சோபியாவையும், அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். அதில் தன் பேர் வருகிறதா என்று சோபியா கவனித்தாள், வரவில்லை. பாம்பு என்கிற வார்த்தையும் வரவில்லை. அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு, ரொம்ப வருத்தம் என்கிற மாதிரி கோவிந்தம்மாளின் கையைப் பிடித்தார். கோவிந்தம்மாள் கையைக் கொடுத்தபடி நின்றாள். அவள் கண் சோபியா மேல் இருந்தது.

"பதினஞ்சி நாளு முந்தி சொல்லியிருந்தா ஆவாதாமே?"

 

சுப்பிரமணி எழுந்து யாரிடமிருந்தோ மண்வெட்டியை வாங்கி, தானே மடையை வெட்டினார். தண்ணீர் கழனிக்குள் பரவவில்லை. வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. இளநீர் அப்படியே கிடக்க, கார் போன பிறகும் அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீரைக் குறைத்து விளைவித்ததற்கான சான்றிதழ் அந்த வருஷம் குழுவுக்குக் கிடைத்தது. நாலு கழனி பற்றி அதில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. கோவிந்தம்மாளின் அரை ஏக்கரில் தூற்றினதில் பாதிக்கு மேல் கருக்கா. சுப்பிரமணி தன் களத்திலிருந்து அவளுக்கு நெல் அனுப்பினார். அவள் வாங்கிக்கொண்டாள், அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கழனியை அவருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரகடத்தில் பெண் பிள்ளைகள் தங்குகிற விடுதியில் பாத்திரம் துலக்குகிறாள். தினகரன் சென்னையிலிருந்து போன் போட்டுச் சத்தம் போட்டார், அவ்வளவுதான். தினேஷ்குமாரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். எல்லப்பனிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. இனிமேல் எந்த நாள் திறந்தேன் என்று தனக்கே சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தோடு மதகில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். காவாந்தண்டலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சாவி பால் சொசைட்டியில் கிடக்கிறது. ஆளுக்கொரு நாள் திறக்கிறார்கள். சோபியாவைப் பற்றிக் கம்பெனிக்கு யாரும் எழுதவில்லை. அவள் அந்த வேலையில்தான் இருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் எல்லாக் குழாயையும் பார்க்கிறாள். வரப்பில் எதிர்ப்படுகிறவர்கள் அவளோடு பேசுவதில்லை. ஒதுங்கி வழி விடுகிறார்கள்.